லைக்காவின் இதயம் நிறையின்மையால் நின்றதா?

கோண்டாவில் ஆசிரியை:
வணக்கம். உயர்தர வகுப்பில் குருதிச் சுற்றோட்டம் கற்பித்துக்கொண்டிருந்தபோது, 1957 இல் சோவியத் விண்கலமான ஸ்புட்னிக் 2 இல் அனுப்பப்பட்ட லைக்கா என்னும் நாய், நிறையின்மையை (விண்வெளியில் எடையற்று மிதக்கும் நிலையை) இதயம் தாங்காததால் இறந்ததா என்று ஒரு மாணவன் வினவினான். விளக்கம் தெரிந்தவர்கள் உதவுவீர்களா?

வடமராட்சியான்:
இல்லை, ரீச்சர். விண்கலத்தினுள் வெப்பம் கட்டுமீறியதால் சில மணி நேரத்திலேயே அது இறந்தது; இவ்வுண்மை 2002 இல்தான் வெளியாயிற்று. ஏவுகையின்போது ஏறத்தாழ மும்மடங்காக உயர்ந்த இதயத்துடிப்பு, நிறையின்மையில் மெதுவாகவேனும் தணிந்தது.

சுற்றோட்டத்தைப் பற்றிப் பேசுவதற்கு, 1966 இல் கொஸ்மொஸ் 110 என்னும் சோவியத் விண்கலத்தில் 22 நாட்கள் சுற்றிவந்த வெத்தெரொக், உகல்யொக் ஆகிய நாய்களே பொருத்தமானவை. உயிருடன் திரும்பிய அவை உடல்நீர் குறைந்து, தசை மெலிந்து, நடக்கவே தடுமாறின. ஈர்ப்பை உணராத நிலையில் குருதி மார்பையும் தலையையும் நோக்கிப் பெயர்வதால், உடல் அதனை மிகையெனக் கொண்டு நீரை வெளியேற்றிவிடுகிறது; ஆகவே பூமிக்குத் திரும்பியதும் எழுந்து நிற்பதற்குப் போதிய குருதி இருப்பதில்லை. வேலை குறைந்த இதயத்தசையும் காலப்போக்கில் மெலியக்கூடும்.

தீவகத்தான்:
மேலுள்ள விளக்கம் மனிதருக்கே முழுமையாகப் பொருந்தும். நாய்க்கும் எலிக்கும் தலையும் இதயமும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருப்பதால், அவற்றில் குருதிப் பெயர்வு நம்மளவுக்கு இராது. அதனாற்றான் ஆய்வுகூடங்களில் நிறையின்மையின் விளைவுகளைப் பூமியிலேயே உண்டாக்க எலியை வாலில் தொங்கவிட்டு, பின்னங்கால்கள் நிலத்தில் படாதவாறு தலையைத் தாழ்த்தி வைக்கிறார்கள். இந்த முறையையும் நான் முழுதாக நம்புவதில்லை: தொங்கவிடப்பட்ட எலிகளின் மூளை நாடிகள் முன்னிலும் வலுவாகச் சுருங்கின, 2011 இல் அமெரிக்காவின் இறுதி விண்ணோடப் பயணத்தில் 13 நாட்கள் பறந்த சுண்டெலிகளிலோ அச்சுருங்குதிறன் குறைந்திருந்தது.

ஈர்ப்பு இதயத்தை எவ்வாறு வடிவமைக்கிறது என்பதற்குப் பாம்புகளைக் காட்டுங்கள். மரமேறும் பாம்புகளுக்கு இதயம் தலைக்கு அண்மையில் உள்ளது. நீரின் தாங்குதலில் வாழும் கடற்பாம்புகளுக்கோ உடலின் நடுப்பகுதியில். கடற்பாம்பொன்றை நிலத்தில் தலை மேலாக நிமிர்த்திப் பிடித்தால், அதன் தலைக்குக் குருதி சரிவர ஏறாது. வலையில் சிக்குபவற்றைப் பிடித்துச் சோதிக்க வேண்டாமென மாணவர்களிடம் சொல்லிவையுங்கள். அவை கொடிய நஞ்சுடையவை.

கோண்டாவில் ஆசிரியை:
இருவருக்கும் மிக்க நன்றி. திங்கட்கிழமை மாணவர்களைப் பத்து நிமிடம் படுக்கச் செய்து, எழுந்து நின்றவுடன் நாடித்துடிப்பு எவ்வளவு கூடுகிறதென எண்ணவைக்கப் போகிறேன்.