செங்கல்பட்டு வஹீதாவும் அம்மாவின் தோழிகளும்

நடிகைகளை நேரில் பார்த்த கதையைப் பலரும் எழுதுகிறார்கள். பழைய இந்தி நடிகைகளான வஹீதா ரஹ்மான், ஆஷா பரேக், ஹெலன் மூவரையும் நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்துபோன மாதிரி ஒரு நாள் உண்டு. அதைச் சொல்கிறேன்.

2021-இல் அந்த மூவரும் சேர்ந்து அந்தமான் போன படங்கள் வாட்ஸ்அப்பில் சுற்றின. கொரோனா அடங்கியபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மாவின் இரண்டு தோழிகள் செங்கல்பட்டில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மூவரும் ஒரே பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற டீச்சர்கள். போனை அம்மாவிடம் நீட்டினேன். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, "இது நம்ம ஊர்ப் பொண்ணுடி!" என்றார்.

உண்மைதான். வஹீதா 1938-இல் செங்கல்பட்டில் பிறந்தவர். பரதம் கற்று, தெலுங்கிலும் தமிழிலும் ஆடிவிட்டுத்தான் பம்பாய் போனார். 1956-இல் 'சி.ஐ.டி.', அடுத்த வருடமே 'பியாசா'. 1960-இல் 'காலா பஜார்' படத்தில் உடன் நடித்த நந்தா, கடைசிவரை அவருக்கு நெருங்கிய தோழி. நந்தா 2014-இல் போய்விட்டார், மறுவருடம் இவர்களின் இன்னொரு தோழியான நடிகை சாதனாவும். இதைச் சொன்னதும் அம்மா மெதுவாக, "நாமளும் நாலு பேரா இருந்தோமே" என்றார். யாரும் பதில் பேசவில்லை.

அப்புறம் ஹெலன் பக்கம் பேச்சு திரும்பியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ரங்கூனிலிருந்து தாயோடு காட்டு வழியே நடந்து அஸ்ஸாம் வந்து சேர்ந்த குழந்தை அவர் என்றேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த தோழியின் கை அப்படியே நின்றுவிட்டது. "எங்க அப்பாவும் பர்மாவுலேர்ந்து நடந்துதான் வந்தார்" என்றார். வழியில் தம்பியைப் பறிகொடுத்தாராம். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசக்கூடாதாம். நாற்பது வருடம் ஒன்றாகச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவர்கள், அன்றைக்குத்தான் அம்மாவுக்கே இது தெரிந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர் கையிலிருந்த கத்தியை வாங்கிக் கீழே வைத்தார் அம்மா.

திரையில் ஆஷா கதாநாயகி, ஹெலன் கிளப்பில் ஆடுகிறவர். 'கேரவான்' படத்திலும் (1971) அப்படித்தான். வெளியே வந்தால் அந்தக் கோடு கிடையாது, சேர்ந்து சாப்பிடுகிறார்கள், ஊர் சுற்றுகிறார்கள். இந்த மூவரிடம் எனக்குப் பிடித்ததே அதுதான். இந்தியத் திரைத்துறையின் உயரிய விருதான தாதாசாகேப் பால்கே விருது, 2020-க்கானது ஆஷாவுக்கும், 2021-க்கானது வஹீதாவுக்கும் கிடைத்தது. ஹெலனுக்கும் கொடுத்தே ஆக வேண்டும் என்பது என் கட்சி. ஆட்டத்தை மட்டுமே வைத்து இத்தனை வருடம் ஒரு பெயரை நிலைநிறுத்துவது லேசான காரியமா?

மாலையில் கிளம்பும்போது, "சென்னையிலேர்ந்து அந்தமானுக்கு நேரா பிளைட் இருக்காமே" என்றார் பர்மாக்காரர் மகள். முட்டி வலியை நினைத்து அம்மா தயங்கினார். கடைசியில் மாமல்லபுரம் என்று முடிவாயிற்று. அடுத்த மாதம் நான்தான் காரில் கூட்டிப்போனேன். கடற்கரைக் கோயிலுக்கு முன்னால் மூவரையும் நிற்க வைத்துப் படம் எடுத்தபோது, அம்மா தன் இடப்பக்கம் ஓர் ஆள் நிற்கிற அளவு இடம் விட்டு நின்றார்.