‘காதலிக்க நேரமில்லை’யில் பாலையா சும்மா உட்கார்ந்திருந்தாராம்!

நெல்லை_நடராசன்:
பக்கத்து இழையில் ஒருவர் போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: “காதலிக்க நேரமில்லை இன்றைக்கும் ஓடுகிறது என்றால் அது நாகேஷ் கதை சொல்லும் காட்சிக்காக மட்டும்தான். பாலையா அதில் சும்மா உட்கார்ந்திருந்தார்.” அதற்கு ஏகப்பட்ட விருப்பக்குறிகள் வேறு.

சும்மா உட்கார்ந்திருந்தாரா? ஐயா, படத்தைப் பார்த்தீர்களா இல்லை யாராவது சொல்லக் கேட்டீர்களா? அப்பா பாலையாவிடம் பணம் கறந்து ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ என்ற படக் கம்பெனியை நடத்தத் துடிக்கும் செல்லப்பா, அதாவது நாகேஷ், தன் பேய்க்கதையை ஆரம்பிக்கிறான். அப்போது பாலையா முகத்தில் இருப்பது என்ன? இந்த உதவாக்கரை என்னத்தைச் சொல்லிவிடப் போகிறான் என்கிற எஸ்டேட் முதலாளியின் அலட்சியம். அது கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று, கண் பெரிதாகி, கடைசியில் ராத்திரி தனியாகப் படுக்கப் பயப்படும் ஒரு மனிதர் அங்கே இருப்பார். பேச்சே அவருக்கு அதிகம் கிடையாது. அந்த முகம் மட்டும் இல்லையென்றால் நாகேஷ் சுவரிடம்தான் கதை சொல்லியிருக்க வேண்டும். 1936இல் ‘சதிலீலாவதி’யில் தொடங்கி, வில்லனாகவே ஊரை நடுங்கவைத்த மனிதர் 1964இல் தானே நடுங்கிக் காட்டினார். அதற்குப் பெயர் சும்மாவா?

தாராபுரத்தான்:
எழுதியவன் நான்தான். ‘ஒருவர்’ என்று ஒளித்துவைக்க வேண்டாம், பெயரைச் சொல்லியே திட்டலாம். சொன்னதில் ஓர் எழுத்தையும் மாற்ற மாட்டேன். அந்தக் காட்சியில் காற்று அடிப்பது யார்? கதவு கிறீச்சிடுவது யார்? பேய் நடப்பது யார்? எல்லாம் நாகேஷின் வாயும் கையும்தான். செட்டில் பேயும் இல்லை, இருட்டும் இல்லை. ஆனால் பார்க்கிற நமக்குத் தெரிகிறதே, அது எப்படி? பாலையா பயந்தார், சரி. நாகேஷ் அப்படிச் சொன்னால் அந்த நாற்காலியே பயந்திருக்கும்.

நெல்லை_நடராசன்:
நாகேஷின் ஊரான தாராபுரத்தைப் பெயரிலேயே சுமந்துகொண்டு அவருக்கு நியாயம் பேச வந்துவிட்டார். ஊர்ப்பாசம் தவிர இதில் வேறு என்ன இருக்கிறது?

தாராபுரத்தான்:
தி.சு.பாலையாவின் முதல் எழுத்து திருநெல்வேலி. உங்கள் பெயரின் முதல் எழுத்து என்ன என்று கொஞ்சம் மேலே பாருங்கள்.

செங்கை_சேது:
நடிகர்களுக்கே கொடி பிடிக்கிறீர்கள், எழுதியவர்களை யாரும் நினைக்கவில்லை. படத்தை எடுத்த ஸ்ரீதரும், அவரோடு சேர்ந்து எழுதிய சித்ராலயா கோபுவும் எங்கள் செங்கல்பட்டில் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள். ‘கல்யாணப் பரிசு’, ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ என்று தியேட்டரையே அழவைத்துக்கொண்டிருந்த ஸ்ரீதர் முழுநீளச் சிரிப்புப் படம் எடுத்ததில் கோபுவின் பங்கு பெரிது. அந்தக் கதை சொல்லும் காட்சியே, டைரக்டர் தாதா மிராசி கதை சொல்லும் விதத்தைப் பார்த்ததில் பிறந்ததுதான். ‘புதிய பறவை’ எடுத்தாரே, அதே மிராசி. ஆக, காட்சி எழுத்தாளருடையது. விவாதம் முடிந்தது, எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்.

நெல்லை_நடராசன்:
முடியவில்லை, சேது சார். எழுத்தாளர் தாளில் ‘பயப்படுகிறார்’ என்று எழுதலாம். எத்தனை வினாடியில் பயப்பட வேண்டும், எந்த இடத்தில் மூச்சை நிறுத்த வேண்டும் என்று தாளா சொல்லிக்கொடுத்தது? செங்கல்பட்டுக்கு உரிய பங்கைக் கொடுத்துவிடுவோம். காட்சி பாலையாவுடையது.

தாராபுரத்தான்:
நாகேஷுடையது.

டூகே_குமரன்:
சண்டைக்கு நடுவில் ஒரு சந்தேகம். இது ஏ.ஆர்.ரஹ்மான் இசையமைத்த படமா?

பழைய_ரிக்கார்டு:
தம்பி, அது 2025 பொங்கலுக்கு வந்தது. பெயர்தான் ஒன்று, கதை வேறு. இது 1964, விஸ்வநாதன்-ராமமூர்த்தி. இரண்டு பேரும் அடுத்த வருஷமே பிரிந்துவிட்டார்கள், அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. இங்கே யாருமே பாட்டைப் பற்றிப் பேசாதது அதைவிட வருத்தம்.

டூகே_குமரன்:
தேடிப் பிடித்துப் பார்த்துவிட்டேன். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டேன், நேரமில்லை. கலர் நன்றாக இருக்கிறது. ஆனால் கதை? எஸ்டேட்டில் வேலை போன பையன் முதலாளி வீட்டு எதிரிலேயே கூடாரம் அடித்து, வேலை கொடு என்று பாட்டுப் பாடுகிறான். இன்றைக்கு யாராவது அப்படிச் செய்தால் போலீஸ்தான் வரும். அப்புறம் அவனுடைய நண்பன் கிழவர் வேஷம் போட்டு, பணக்கார அப்பாவாக வந்து, பெண்ணைப் பெற்றவரை ஏமாற்றுகிறான். பெண்ணைப் பெற்றவரோ பணத்தைப் பார்த்ததும் வழிகிறார். இதில் காதல் எங்கே? நாகேஷ் கதை சொன்னதற்கு மட்டும் சிரித்தேன். மற்றபடி நீங்களெல்லாம் சின்ன வயதில் பார்த்த படம் என்பதால்தான் இந்தக் கூத்து.

தாராபுரத்தான்:
கேட்டீர்களா, நடராசன் சார்? இரண்டாயிரத்துக்குப் பிறகு பிறந்த பிள்ளை. பழைய பாசம் கிடையாது. ஓட்டிப் பார்த்திருக்கிறது. அப்படியும் நாகேஷ் மட்டும் நிற்கிறார். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

நெல்லை_நடராசன்:
ஒன்றரை மடங்கு வேகம்! இதைச் சாட்சி என்று கூண்டில் ஏற்றுகிறார் பாருங்கள்.

தம்பி குமரா, நீ பார்க்காமல் விட்டது என்ன தெரியுமா? பாலையாவை. அவர் நடிப்பே இடைவெளியில்தான் இருக்கிறது. நாகேஷ் ஒரு வரி சொல்லி நிறுத்துவார். அந்த நிறுத்தத்தில் பாலையா கண்ணை மட்டும் ஒருமுறை திருப்புவார். அப்புறம் உடம்பு லேசாகப் பின்னால் போகும். அதற்குப் பிறகுதான் தியேட்டரில் சிரிப்பு. வேகமாக ஓட்டினால் அந்த நிறுத்தம் காணாமல் போய், நாகேஷின் பேச்சு மட்டும் மிஞ்சும். பேச்சை வேகமாகக் கேட்கலாம், முகத்தை வேகமாகப் பார்க்க முடியாது. தாராபுரத்தார் கொண்டுவந்த சாட்சி என் கட்சிக்குத்தான் சாட்சி.

அடுத்தது, “பணத்தைப் பார்த்ததும் வழிகிறார்.” ஆமாம், வழிகிறார். படமே அதுதானப்பா! வேலையை விட்டுத் துரத்திய அதே பையன், பெரிய பணக்காரரின் மகன் என்று தெரிந்ததும் ‘அசோகர் உங்க மகரா?’ என்று கேட்கிறாரே, அந்த ஒரு ‘ர்’ போதும். பணத்துக்கு மரியாதை விகுதி தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. அந்த மாதிரி மாமனாரை நீ நேரில் பார்த்ததில்லையா? பெண் பார்க்கப் போய்ப் பார், மாப்பிள்ளையின் சம்பளத்தைச் சொன்னதும் ‘அவன்’ எப்போது ‘அவர்’ ஆகிறது என்று. அறுபது வருஷத்துக்கும் மேலாக அந்தப் படம் ஓடுகிறதென்றால், பேய்க்கதைக்காக இல்லை, இந்த அப்பாவுக்காக. காதலர்கள் நான்கு பேரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள், ஆனால் முட்டிக்கொள்ள ஒரு சுவர் வேண்டுமே. அன்றைய படங்களில் சிரிப்புக்கென்று தனியாக ஒரு கிளைக்கதை ஓடும், வெட்டி எடுத்தாலும் படம் நிற்கும். இங்கே பாலையாவை எடுத்துவிட்டால் காதலுக்குத் தடையும் இல்லை, ஓஹோ புரொடக்‌ஷன்ஸுக்கு முதலும் இல்லை.

இவரைத்தான் சும்மா உட்கார்ந்திருந்தார் என்கிறார்கள்.

வசந்தி_ரா:
ஒரு நாற்காலிக்கு இத்தனை பேர் அடித்துக்கொள்வதைப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஓஹோ புரொடக்‌ஷன்ஸுக்கு ஒரு கதாநாயகி உண்டு, நினைவிருக்கிறதா? சச்சு. ‘வீரத் திருமகன்’ படத்தில் ‘ரோஜா மலரே’ பாட்டுக்குக் கதாநாயகியாக வந்தவர், இரண்டே வருஷத்தில் நாகேஷுக்கு ஜோடியாகச் சிரிக்கவைக்க வந்தார். அந்தத் துணிச்சலைப் பற்றி ஒரு வரி உண்டா? காஞ்சனா விமானப் பணிப்பெண் வேலையை விட்டுவிட்டு வந்து நடித்த முதல் படம். ராஜஸ்ரீ இதே பாத்திரத்தைத் தெலுங்கிலும் இந்தியிலும் செய்தார். நீங்கள் பேசுவதெல்லாம் அப்பா, மகன், நாற்காலி.

தாராபுரத்தான்:
வசந்தி மேடம், சச்சு பிரமாதம், யார் இல்லை என்றார்கள்? ஆனால் அவர் யாரோடு நடித்தார்? நாகேஷோடு. ஆக மறுபடியும் நாகேஷ்.

வசந்தி_ரா:
இதற்குத்தான் நான் இந்த இழைகளில் எழுதுவதே இல்லை.

தாராபுரத்தான்:
நடராசன் சாருக்கு இன்னொன்று. இதே படத்தை ஸ்ரீதரே 1966இல் இந்தியில் ‘பியார் கியே ஜா’ என்று எடுத்தார். நாகேஷ் இடத்தில் மெஹ்மூத், பாலையா இடத்தில் ஓம் பிரகாஷ். அதே கதை சொல்லும் காட்சி. பிலிம்பேர் விருது யாருக்குக் கிடைத்தது? கதை சொன்ன மெஹ்மூதுக்கு. உட்கார்ந்திருந்தவருக்கு இல்லை. இதற்குப் பதில் சொல்லுங்கள்.

நெல்லை_நடராசன்:
பம்பாய்க்காரர்கள் விருது கொடுத்தால் அது வேதமா? விருதுக்காரர்களுக்குச் சத்தம் போடுகிறவர்தான் முதலில் கண்ணில் படுவார். இன்னொன்றையும் கவனியுங்கள், நீங்களே ‘ஓம் பிரகாஷ்’ என்று அவர் பெயரைச் சொல்கிறீர்கள். அந்த இடத்தில் ஏதோ ஒரு துணை நடிகரைப் போட்டு ஒப்பேற்றியிருக்கலாமே, ஏன் போடவில்லை? சும்மா உட்கார ஓம் பிரகாஷ் எதற்கு?

தாராபுரத்தான்:
விருதுக்குப் பதில் வரவில்லை.

நெல்லை_நடராசன்:
வந்துவிட்டது. கண்ணாடி போட்டுப் படியுங்கள்.

பழைய_ரிக்கார்டு:
படம் நிற்பது பாட்டால். கண்ணதாசன். ‘என்னப் பார்வை உந்தன் பார்வை’யில் ஜேசுதாஸின் குரல் அப்போது தமிழுக்குப் புதுசு, கூட எல்.ஆர்.ஈஸ்வரி. கிழவர் வேஷத்தில் முத்துராமன் பாடும் படப்பெயர்ப் பாட்டுக்குச் சீர்காழி கோவிந்தராஜனைப் போட்டார்களே, அதுதான் படத்தின் ஆகப்பெரிய குறும்பு. முருகனைக் கூப்பிட்ட அதே கம்பீரத்தில், காதலிக்க நேரமில்லை என்று ஒரு பொய்க் கிழவர் புலம்புகிறார். ‘விஸ்வநாதன் வேலை வேண்டும்’ என்று இசையமைப்பாளர் பெயரையே கோஷம் போட்டிருக்கிறார்கள். இதையெல்லாம் விட்டுவிட்டு நாற்காலி, நாற்காலி.

டூகே_குமரன்:
‘அனுபவம் புதுமை’ கேட்டால் ‘பேசமே மூச்சோ’ மாதிரி இருக்கிறதே? ஸ்பானிய மொழிப் பாட்டு. இன்றைக்கு ஓர் இசையமைப்பாளர் இதைச் செய்தால் காப்பி என்று கிழித்துத் தொங்கவிடுவீர்கள்.

பழைய_ரிக்கார்டு:
சாயல் வேறு, காப்பி வேறு. முதல் வரியைத் தாண்டிக் கேட்டாயா, இல்லை அதையும் ஒன்றரை மடங்கு வேகத்தில்தான் கேட்டாயா?

டூகே_குமரன்:
உங்கள் ஆள் செய்தால் சாயல், எங்கள் ஆள் செய்தால் திருட்டு. புரிந்தது சார்.

பழைய_ரிக்கார்டு:
புரியவில்லை. எதற்கும் நாளைக்கு இரண்டையும் அக்கக்காகப் பிரித்துப் போடுகிறேன்.

செங்கை_சேது:
கோபுவைப் பற்றி நான் எழுதியதற்கு ஒருவர்கூடப் பதில் போடவில்லை. அவரே பிற்பாடு ‘காசேதான் கடவுளடா’ டைரக்ட் செய்தார். அங்கே பாலையாவும் இல்லை, நாகேஷும் இல்லை, படம் ஓடவில்லையா?

நெல்லை_நடராசன்:
ஓடியது. அதைப் பற்றித் தனி இழை திறவுங்கள், வந்து பாராட்டுகிறேன். இங்கே பேச்சு அந்தக் காட்சி.

மட்டுறுத்துநர்:
ஊர்ப்பெயரை வைத்துக் கிண்டல் வேண்டாம். திரைப்படத்தைப் பற்றி மட்டும் பேசவும்.

நெல்லை_நடராசன்:
மட்டுறுத்துநர் ஐயா, ஆரம்பித்தது யார் என்று மேலே போய்ப் பார்த்துவிட்டு எச்சரிக்கவும்.

இவருக்கும் எனக்கும் இது புதிதில்லை, அதையும் பதிவுசெய்துவிடுகிறேன். போன தீபாவளிக்கு ‘திருவிளையாடல்’ இழையில் நாகேஷின் தருமிதான் படத்தைத் தூக்கி நிறுத்தினான் என்று இதே வேலையைச் செய்தார். பாலையாவின் ஹேமநாத பாகவதர் சபைக்குள் நடந்துவரும் நடையைப் பற்றி நான் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல், வேலை இருக்கிறது என்று பாதியில் போனவர் இவர்.

தாராபுரத்தான்:
வேலை நிஜமாகவே இருந்தது. வந்து பார்த்தால் இழையைப் பூட்டியிருந்தார்கள். பூட்டச் சொல்லிப் புகார் கொடுத்தவர் யார் என்பதும் எனக்குத் தெரியும். கேள்வியைத் திரும்பக் கேளுங்கள், இப்போதே சொல்கிறேன். பாகவதர் நடந்துவந்தார், பாடினார், போனார். ஊர் இன்றைக்கும் ஒப்பிப்பது தருமியின் வசனத்தை. அங்கேயும் நாகேஷ்தான்.

நெல்லை_நடராசன்:
‘நடந்துவந்தார், போனார்.’ அங்கே நடந்தார், இங்கே உட்கார்ந்தார். இவருக்குப் பாலையா என்றால் ஒரு மேஜை நாற்காலி சாமான், அவ்வளவுதான். ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் தவில் வாசித்தாரே, அங்கே என்ன செய்தார் என்று சொல்லப் போகிறீர்கள்? தவிலைச் சும்மா மடியில் வைத்திருந்தார் என்றா?

தாராபுரத்தான்:
அதே படத்தில் வைத்தி யார்?

நெல்லை_நடராசன்:
பேச்சை மாற்ற வேண்டாம்.

வசந்தி_ரா:
அந்தப் படத்தில் மனோரமா என்று ஒருவரும் இருந்தார்.

தாராபுரத்தான்:
வைத்தி யார், சார்?