நன்றி டைரி எழுதச் சொன்னால் குற்ற உணர்ச்சியோடு திரும்பி வருகிறார்கள். எங்கே பிசகுகிறது?

தளிர்நடை (கேள்வி):
மனச்சோர்வோடு வரும் கிளையன்ட்டுகளுக்கு இரண்டாவது செஷனிலேயே நன்றி டைரி (நன்றியோடு நினைக்கும் நல்ல விஷயங்களை எழுதிவைப்பது) கொடுக்கச் சொல்லி கவுன்சிலர்களான எங்களுக்குப் பயிற்சி. தினமும் இரவு பத்து விஷயம். பலர் ஒரு வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். சிலர் "இவ்வளவு இருந்தும் நான் இப்படி இருக்கேனே" என்று முன்பைவிடக் குன்றிப்போய் வருகிறார்கள். எண்ணிக்கை தப்பா, நேரம் தப்பா? இன்னொன்று: கிளையன்ட் நமக்கே நன்றி சொன்னால் எப்படி எடுத்துக்கொள்வது?

மெதுநடை:
பத்து என்பதே முதல் கோளாறு. மூன்று எளிதில் கிடைக்கும். ஏழாவது எட்டாவதுக்குத் திணற வேண்டும். அந்தத் திணறலையே மனம் சாட்சியாக்கிவிடும்: "எனக்கு நல்லதே நடப்பதில்லை." மனச்சோர்வில் குறிப்பான நினைவுகளை மீட்பது ஏற்கெனவே கடினம்.

உளவியலாளர்கள் எம்மன்ஸும் மெக்கல்லோவும் 2003-இல் வெளியிட்ட ஆய்வின் முதல் பகுதியில் வாரம் ஒரு முறை, அதிகபட்சம் ஐந்து விஷயம், மொத்தம் 10 வாரம். உளவியலாளர் செலிக்மன் குழுவின் 2005 ஆய்வில் ஒரு வாரம், இரவுக்கு மூன்று. ஒவ்வொன்றுக்கும் கீழே "இது ஏன் நடந்தது" என்று ஒரு வரி. நான் அந்த 'ஏன்' வரியை விடவே மாட்டேன். அது இல்லாவிட்டால் வெறும் பட்டியல்தான்.

"குடும்பம், ஆரோக்கியம்" என்று எழுதி வந்தால் செஷனிலேயே உடைத்துக் கேளுங்கள்: யார், எப்போது, என்ன செய்தார், அதற்காக அவர் எதை விட்டுக்கொடுத்தார்? "மீட்டிங்கில் நான் திணறியபோது பேச்சை மாற்றி எனக்கு நேரம் வாங்கிக் கொடுத்தார்" என்ற அளவுக்கு வர வேண்டும். வாரம் இரண்டு முறை, பத்து நிமிடம் போதும்.

உள்ளங்கை:
எண்ணிக்கையைக் குறைத்தால் டைரியை விடுபவர்கள் குறைவார்கள், சரி. குற்ற உணர்ச்சிக்குக் காரணம் வேறு. வலியை முழுதாகச் சொல்லி முடிக்கும் முன்னே நன்றியைக் கொடுத்தால், "உன் வலிக்கு நியாயமில்லை" என்ற பதிலாகவே அது காதில் விழும். வலியை அவர் வார்த்தையிலேயே திருப்பிச் சொல்லி, "ஆமா, அதேதான்" என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகே இந்தப் பேச்சை எடுக்க வேண்டும்.

சிலருக்கு இப்போதைக்கு வேண்டாம். துன்புறுத்தும் உறவில் இன்னும் இருப்பவர் டைரியில் அந்த ஆளுக்கே நன்றி எழுதுவார். "நன்றி கெட்டவன்" என்று திட்டு வாங்கி வளர்ந்தவருக்கு அது பழைய சாட்டை. தற்கொலை எண்ணம் உள்ளவர் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை: அடுத்தவர் செய்த உதவிகளின் பட்டியல், "எல்லாருக்கும் நான் பாரம்" என்பதற்குக் கணக்குப் புத்தகம் ஆகிவிடலாம். முதலில் பாதுகாப்புத் திட்டம், அதாவது அந்த எண்ணம் வந்தால் என்ன செய்வது, யாரை அழைப்பது என்று சேர்ந்து எழுதிவைப்பது. இப்படிப்பட்டவர்களிடம் "இன்று கொஞ்சமாவது தாங்க முடிந்த நேரம் எது?" என்று கேட்டால் போதும்.

பொருந்துபவர்களுக்கு, உதவிய ஒருவருக்கு எழுதும் நன்றிக் கடிதம் நல்ல மாற்று. சிகிச்சை நாடி வந்த சுமார் 300 பேரிடம் செய்து 2018-இல் வெளியான ஆய்வில், கடிதம் எழுதியவர்களின் மனநலம் 4, 12 வாரங்களில் மற்றவர்களைவிட மேம்பட்டிருந்தது. பெரும்பாலோர் கடிதத்தை அனுப்பவே இல்லை. ஆகவே அனுப்பச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். மனச்சோர்வு, பதற்றத்தில் நன்றிப் பயிற்சிகளின் பலன் சிறியதுதான் என்கிறது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2021-இல் வந்த தொகுப்பாய்வு. சிகிச்சைக்குத் துணையாக வைக்கலாம், சிகிச்சையாக அல்ல.

நடுக்கோடு:
இரண்டாவது கேள்விக்கு: "அது என் வேலைதானே" என்று தட்டிவிடாதீர்கள். கொடுத்ததை வாங்க மறுப்பது அது. "நீங்க இதைச் சொன்னது சந்தோஷம்" என்று ஒரு வரி. பிறகு, "குறிப்பா எது உதவுச்சு?" கடைசியாக, "அதுல நீங்க செஞ்சது என்ன?" இந்தக் கடைசிக் கேள்வியில்தான் பெருமை அவரிடம் திரும்பிப் போகிறது.

ஒவ்வொரு செஷனும் நன்றியிலேயே முடிந்தால் உஷார். கோபத்தையோ அதிருப்தியையோ மறைக்கிறாரா என்று பாருங்கள்: "நான் சொன்னதுல ஒத்துவராதது ஏதாவது இருந்துச்சா?" பரிசு வந்தால் அதன் மதிப்பு, கொடுக்கும் தருணம், நிறுவன விதி மூன்றையும் யோசித்து முடிவெடுங்கள், வாங்கினாலும் மறுத்தாலும் கேஸ் நோட்டில் எழுதிவிடுங்கள்.

நாம் பாராட்டும்போதும் இதே கவனம் வேண்டும். "சூப்பரா பண்றீங்க" என்ற பாராட்டைக் கேட்டவர் அடுத்த வாரம் சறுக்கியதை மறைப்பார். "சண்டை நடுவுல எழுந்து வெளியே போனீங்களே, அதை எப்படிச் செய்ய முடிஞ்சுது?" என்று கேளுங்கள்.

தளிர்நடை:
டைரியைப் பாதியில் விட்டவரிடம் மறுபடி எப்படி ஆரம்பிப்பது?

மெதுநடை:
வீட்டுக்கு எதுவும் கொடுக்காதீர்கள். அடுத்த இரண்டு செஷனில் கடைசி ஐந்து நிமிடம், ஒரே ஒரு விஷயம், வாய்ப்பேச்சாக. எழுதலாம் என்று அவரே சொன்னால் நோட்டை எடுக்கட்டும்.