சின்ன அரசுக் கல்லூரி டிராக்: மனசை விட்டுப் போகாத ஒரு சந்திப்பு

முதல்_லேன்:

ஹாஸ்டல், சிந்தெடிக் டிராக், ஈவென்ட்டுக்கு ஒரு கோச்னு இருந்தவங்க அனுபவம் நிறைய படிச்சாச்சு. புல் தரை, சுண்ணாம்புக் கோடு, ஓட்டம் தாண்டல் எறிதல் எல்லாத்துக்கும் ஒரே பி.டி. சார். அப்படி ஓடினவங்க இங்க எழுதுங்க. நான் ஆரம்பிக்கறேன்.

எங்க கல்லூரியில இன்டர் காலேஜ் மீட். சார் 400 மீட்டருக்கு ஸ்டேகர் கோடு, அதாவது வெளி லேன்காரங்க முன்னாடி தள்ளிக் கிளம்பற கோடு, போட்டுட்டிருந்தார். டேப்போட மறுமுனை என் கையில. வேற காலேஜ் கோச் ஒருத்தர் வந்து நின்னார், பேரெடுத்தவர். ரெண்டாவது லேன் கோட்டைப் பாத்துட்டு, "7.04 மீட்டர்தானே வரணும்? 7.67 போட்டிருக்கீங்க. இதுகூடத் தெரியாம மீட் நடத்தறீங்களா?"ன்னு சத்தமா கேட்டார். சுத்தி எல்லா காலேஜ் பசங்களும்.

சார் குத்த வச்சு உக்காந்து, உள்கோட்டு மேல விரலை வச்சு, "இங்க கெர்ப் எங்க சார் இருக்கு?"ன்னு கேட்டார். அவ்வளவுதான் பேசினார். கெர்ப்னா டிராக்கோட உள்பக்கம் இருக்கற மேடான விளிம்பு. அது இருந்தா முதல் லேனை அதிலேர்ந்து 30 செ.மீ. தள்ளி அளக்கணும், மத்த லேனை எல்லாம் உள்கோட்டிலேர்ந்து 20 செ.மீ. தள்ளி. அதனாலதான் ரெண்டாவது லேனுக்கு மட்டும் 7.04 வருது, அதுக்கு அடுத்து ஒவ்வொரு லேனுக்கும் 7.67 கூடுது. வெறும் சுண்ணாம்புக் கோடுன்னா முதல் லேனுக்கும் 20 தான். அப்போ ரெண்டாவதுலேர்ந்தே 7.67. அங்க போய் 7.04 போட்டா முதல் லேன்ல ஓடறவனுக்கு 63 செ.மீ. சும்மா கிடைக்கும்.

மேலேர்ந்து ஆள் வந்தாங்க. "வந்தவர் சொல்றபடி மாத்திடுங்க, எதுக்கு வம்பு." சார் டேப்பைச் சுருட்டித் தரையில வச்சார். "மாத்தறவங்க வந்து மாத்தட்டும். நான் கையெழுத்துப் போட மாட்டேன்." யாரும் வந்து தொடல.

அந்த ஃபைனல்ல முதல் லேன் எனக்கு. லேன் சீட்டு அதுக்கு முன்னாடியே எடுத்தாச்சு, சாருக்குத் தெரியும். மூணாவது வந்தவனுக்கும் எனக்கும் நடுவுல ஒரு அடிகூட இருக்காது. நாங்க ஓடின வேகத்துக்கு 63 செ.மீ.ங்கறது ஏறத்தாழ 0.08 வினாடி. 1984 லாஸ் ஏஞ்சலீஸ்ல பி.டி. உஷாவுக்கு வெண்கலம் கை நழுவினது 0.01 வினாடியில. சார் செஞ்சதுதான் சரி, அதுல எனக்கு அன்னிக்கும் சந்தேகம் இல்ல. ஆனா கோட்டு மேல விரலை வச்சிருந்தப்ப ஒரு தரம் நிமிர்ந்து என்னைப் பாத்தார். அந்தப் பார்வை இன்னும் என்னை விடல.

மூணாவது_லெக்:

படிச்சதும் நெஞ்சு கனத்துப் போச்சு. எங்க சாரும் நேர்மையானவர்தான். ஆனா எனக்கு உறுத்தறது வேற.

4×100 ரிலே. டீம்லயே வேகமானவ என் ரூம்மேட். ரெண்டாவது லெக் அவ, மூணாவது நான். மத்த ரெண்டு கை மாத்தலும் பிரச்சினை இல்ல, அவளுக்கும் எனக்கும் நடுவுலதான் பேட்டன் நிக்காது. ஒரு நாள் என் முதுகுல வந்து மோதுவா, இன்னொரு நாள் நான் பேட்டனை மாத்த வேண்டிய ஜோனைத் தாண்டிடுவேன். அவ எங்க வந்ததும் நான் கிளம்பணும்னு காட்டற செக் மார்க்கை சார் மாத்தி மாத்தி வச்சுப் பாத்தார்.

மீட் அன்னிக்குக் காலையில வார்ம் அப் முடிச்சு ஸ்பைக்ஸ் போட்டுட்டிருக்கோம். சார் வந்து அவ முன்னாடி நின்னார். "நீ இன்னிக்கு உக்காரும்மா." எங்க ஹை ஜம்ப் பொண்ணு பேரைச் சொல்லி, அவ ஓடட்டும்னார். 100 மீட்டர்ல என் ரூம்மேட்டைவிட முக்கால் வினாடி மெதுவா வர்றவ.

ரூம்மேட் வாயே திறக்கல. கட்டின லேஸை அவுத்தா. ஸ்பைக்ஸைக் கழட்டி அந்தப் பொண்ணுகிட்ட நீட்டினா, ஏன்னா அவகிட்ட சொந்த ஸ்பைக்ஸ் கிடையாது. அளவு சரியா இருந்துச்சு.

பேட்டன் சுத்தமா வந்துச்சு. ரெண்டாவது இடம். ரூம்மேட் அதுக்கப்புறம் கிரவுண்டுக்கே வரல. என்கிட்ட இன்னிக்கும் நல்லாப் பேசுவா, ஓட்டத்தைப் பத்தி மட்டும் பேச மாட்டா.

ஸ்டாப்வாட்ச்:

மூணாவது_லெக், அவங்களை உக்கார வச்சதே தேவையில்லாத வேலைன்னு நினைக்கறேன். என்னையும் ஒரு தடவை ரிலேல உக்கார வச்சாங்க, காரணமே சொல்லல, அதனால கொஞ்சம் கோவமாத்தான் எழுதறேன்.

முதல் லெக் ஓடறவங்க பேட்டனைக் குடுத்தா போதும், வாங்க வேண்டாம். நாலாவது வாங்கினா போதும். குடுக்கறதுல தகராறுன்னா ஆங்கர்ல, அதாவது நாலாவதுல போடு, வாங்கறதுல தகராறுன்னா முதல் லெக்ல போடு. வேகமான ஆளை வெளியே வைக்காம இருக்க இந்த ரெண்டு இடம் இருக்கு. எத்தனை கோச் இதை யோசிக்கறாங்க?

அடுத்தது செக் மார்க். ஓடி வர்றவங்க வந்து மோதினா மார்க்கை இன்னும் பின்னாடி தள்ளணும், அப்பதான் வாங்கறவங்க சீக்கிரம் கிளம்புவாங்க. எட்டவே இல்லன்னா மார்க்கைக் கிட்ட கொண்டு வரணும். ஒரு தடவைக்கு ஒரு பாதம் அளவு மட்டும் மாத்தணும். இன்னொண்ணு, இதை முப்பது மீட்டர் ஓடிப் பழகினா பிரயோஜனம் இல்ல. மீட்ல வர்றவங்க முழு 100 மீட்டர் ஓடிக் களைச்சு வருவாங்க, அந்த வேகம் வேற. ஒரு நாள் மோதறதும் ஒரு நாள் தாண்டிப் போறதும்னா மார்க் தப்பு இல்லங்க. கிளம்பறது ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இல்லன்னு அர்த்தம். அது வாங்கறவங்க பொறுப்பு. மன்னிக்கணும், இதைச் சொல்லாம இருக்க முடியல.

விதியும் 2017 கடைசியில மாறிடுச்சு. முன்னாடி 20 மீட்டர் ஜோன், அந்த ஜோன் ஆரம்பிக்கறதுக்கு முன்னால வேகம் எடுக்க மட்டும் 10 மீட்டர். இப்போ 4×100-க்கு மொத்தம் 30 மீட்டரும் ஜோன்தான். 4×400-க்கு பழையபடி 20. இது தெரியாம பழைய கோட்டுல பழக்கற காலேஜ் இருக்கு.

சின்ன காலேஜ் ஜெயிக்க ரிலேதான் வழி. உசைன் போல்ட் 2009-ல ஓடின 9.58-க்குக் கீழ இதுவரைக்கும் யாரும் 100 மீட்டர் ஓடல. ஜமைக்கா 2012 லண்டன்ல ரிலே ஓடினது 36.84. ஆளுக்கு சராசரி 9.21. முதல் ஆளைத் தவிர மத்த மூணு பேரும் ஓடிக்கிட்டே வாங்கறதால கிடைக்கற லாபம் அது. நல்ல கை மாத்தல் இருந்தா வேகமான டீமைக்கூட மடக்கலாம்.

ஐயாயிரம்:

எல்லாருக்கும் நல்ல சார் வாய்ச்சிருக்கார். எனக்கு இருந்தவர் பொண்ணுங்களை வரிசையா நிக்க வச்சு எடை பாப்பார். பசங்க பாத்துட்டிருக்கும்போதே எண்ணை உரக்கப் படிப்பார். நான் 5000 மீட்டர். "ரெண்டு கிலோ இறக்கு, டைம் தானா இறங்கும்." இறக்கினேன். டைமும் இறங்குச்சு, கொஞ்ச நாளைக்கு.

அப்புறம் பீரியட்ஸ் நின்னுச்சு. கடுமையா உழைச்சா அப்படித்தான் ஆகும்னு சீனியர் அக்காங்க சொல்லியிருந்தாங்க. அடுத்து முழங்காலுக்குக் கீழ உள்பக்கம் வலி. ஷின் ஸ்ப்ளின்ட்னு சொல்லி ஐஸ் வச்சுக்கிட்டே ஓடினேன்.

அந்த வருஷம் தற்காலிகமா ஒரு மேடம் வந்தாங்க. என்னை பெஞ்சுல உக்கார வச்சு, கால் எலும்பை ஒரே விரலால மேலேர்ந்து கீழ அழுத்திக்கிட்டே வந்தாங்க. ஒரு இடத்துல அலறிட்டேன். விரலை எடுத்துட்டு, குரலை இறக்கி, "கடைசியா பீரியட்ஸ் எப்போ வந்துச்சும்மா?"ன்னு கேட்டாங்க. கால் வலிக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு எனக்குப் புரியல. அழுகை மட்டும் வந்துச்சு. அதுவரைக்கும் யாரும் என்னை அந்தக் கேள்வி கேட்டதில்ல.

வலி எலும்பு நெடுக பரவியிருந்தா ஷின் ஸ்ப்ளின்ட். ஒரே புள்ளியில குத்தினா ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சரா, அதாவது எலும்புல மெல்லிய விரிசலா இருக்கலாம், ஓட்டத்தை நிறுத்திட்டு ஸ்கேன் பாக்கணும். எனக்கு ஃப்ராக்சர்தான். ஓடற அளவுக்குச் சாப்பாடு உள்ள போகலன்னா உடம்பு முதல்ல ஹார்மோனைக் குறைக்கும், அதோட எலும்பும் வலுவிழக்கும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-லயே இதுக்கு ரெட்-எஸ்னு பேர் வச்சு அறிக்கை விட்டிருக்கு. மேடம் ஹீமோகுளோபினோட, உடம்புல இருக்கற இரும்புச்சத்து இருப்பைக் காட்டற ஃபெரிட்டினும் பாக்கச் சொன்னாங்க. முதலாவது சரியா இருந்துச்சு, ரெண்டாவது அடியில கிடந்துச்சு.

அவங்க ஒப்பந்தம் முடிஞ்சு போயிட்டாங்க. எடை மெஷின் திரும்ப வெளிய வந்துச்சு.

தட்டெறி:

ஐயாயிரம், அவர் நடந்துக்கிட்ட முறை கேவலம். ஆனா நெடுந்தூரம் ஓடறவங்க எடை பாக்கறதே தப்புன்னு சொல்ல முடியாதே? எறியற எங்களை "இன்னும் ஏறு, இன்னும் ஏறு"ன்னு விரட்டுவாங்க, ஓடறவங்களை இறக்கச் சொல்லுவாங்க. ஈவென்ட்டுக்கு ஏத்த உடம்பு வேணும்தானே.

என் அனுபவம் சின்னது. எங்க சார் கபடி ஆள். டிஸ்கஸ் எறியணும்னு நான் போய் நின்னப்ப, "எனக்குத் தெரியாதும்மா, ஒரு வாரம் குடு"ன்னார். ஒரு வாரம் கழிச்சுக் காலியா இருந்த கிரவுண்டுல, வயசான மனுஷன், கையில ஒண்ணும் இல்லாம அந்த ஒன்றரைச் சுத்தைச் சுத்திக் காட்டினார். இடது பாதம் எப்படித் திரும்பணும், வலது கால் நடுவுல எங்க விழணும், இடுப்பு போன பிறகுதான் கை வரணும்னு ஒவ்வொண்ணையும் நிறுத்தி நிறுத்தி. தலை சுத்தி ஒரு பக்கம் சாஞ்சார், தோளைப் பிடிச்சுக்கிட்டேன். அவரை நினைச்சா டிஸ்கஸ் ஞாபகம் வராது, அந்தத் தோள்தான் ஞாபகம் வரும்.

ஐயாயிரம்:

தட்டெறி, எடையே பாக்கக் கூடாதுன்னு நான் எழுதல. பாத்தவர் வேற எதையும் பாக்கல. தூக்கம் கேக்கல, பீரியட்ஸ் கேக்கல, சாப்பிட்டியான்னு கேக்கல. எண்ணை உரக்கப் படிக்க மட்டும் நேரம் இருந்துச்சு. உங்க சார் தெரியாதுன்னு சொன்னாரே, அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லியிருந்தா என் எலும்பு தப்பிச்சிருக்கும்.

விசில்:

நான் அந்தப் பக்கத்து ஆள். சின்ன அரசுக் கல்லூரியில பி.டி. மொத்த டிபார்ட்மென்ட்டும் நான் ஒருத்தன்தான். காலையில கிரவுண்டு, பகல் முழுக்க ஆபீஸ் ஃபைலும் அட்மிஷன் டியூட்டியும், சாயங்காலம் திரும்ப கிரவுண்டு. ஓடறவனுக்கு டைம் எடுத்தா குண்டு எறியறவ காத்து நிப்பா. அவகிட்ட போனா லாங் ஜம்ப் பையன் ரன் அப்பைத் தானே அளந்துக்குவான். இதை நியாயம் கேட்டு எழுதல, நிலைமை இதுதான்.

எனக்கு ஒரு ஹை ஜம்ப் பையன் இருந்தான். நல்ல உயரம், அருமையான டேக் ஆஃப். எங்ககிட்ட மணல் குழிதான், ஃபோம் மேட் கிடையாது. அதனால காலைக் கத்திரி மாதிரி வீசித் தாண்டற சிசர்ஸ் மட்டும்தான் சொல்லிக் குடுத்தேன். அவன் ஃப்ளாப் கேட்டான். ஃபாஸ்பரி 1968 மெக்சிகோவுல முதுகைக் காட்டி 2.24 தாண்டித் தங்கம் வாங்கினார்னா, விழறதுக்குக் கீழ மெத்தை இருந்துச்சு. தோளும் முதுகும் முதல்ல இறங்கற முறை அது. மணல்ல விழுந்தா கழுத்து போயிடும்.

"சிசர்ஸ்ல நான் என்ன பண்ணினாலும் மேட்ல பழகினவன்கிட்ட தோக்கத்தானே சார் போறேன்?"ன்னு கேட்டான். ஆமான்னு சொன்னேன். பொய் சொல்ல மனசு வரல.

ஒரு நாள் இருட்டற நேரம் கிரவுண்டுப் பக்கம் போனேன். மணல் மேல பழைய சாக்குல எதையோ அடைச்சு அடுக்கி வச்சிருக்கான். பாரை ஏத்தி வச்சுட்டு ரன் அப்ல நிக்கறான், தனியா. நான் நேரா போய் பாரைக் கழட்டி எடுத்துட்டு ரூமுக்கு வந்துட்டேன். ஒரு வார்த்தை பேசல. அவனும் பேசல. கதவைப் பூட்டும்போது திரும்பிப் பாத்தேன், அவன் ரன் அப் மார்க்லயே நின்னுட்டிருந்தான்.

டிகிரி முடிச்சு மேல் படிப்புக்கு மேட் இருக்கற காலேஜுக்குப் போனான். பல்கலைக்கழக மீட்ல ஃப்ளாப்ல தாண்டி மெடல் வாங்கறதை ஸ்டாண்டுல உக்காந்து பாத்தேன். இறங்கி வந்து "வணக்கம் சார்"னான். மறுபடியும் அந்த நிலைமை வந்தா பாரைக் கழட்டத்தான் செய்வேன், அது உறுதி. ஆனா அன்னிக்கு ரூமுக்குப் போகாம அவன் பக்கத்துல உக்காந்திருக்கணும்னு தோணுது. மேட்டுக்கு வருஷா வருஷம் எழுதிப் போடறேன்.

மூணாவது_லெக்:

ஸ்டாப்வாட்ச், நான் கிளம்பறது சரியில்லன்னு சுலபமா எழுதிட்டீங்க. அவ பேட்டனைப் பல ஸ்டெப் முன்னாடியே நீட்டிடுவா. கையை நீட்டிக்கிட்டு ஓடினா வேகம் விழும், ஒரு நாள் நிறைய விழும், ஒரு நாள் கம்மியா விழும். நான் ஒரே மாதிரி கிளம்பினாலும் இதேதான் நடக்கும். ஆங்கர்ல போட்டிருக்கலாம்னா, ஆங்கர் ஓடினவ முதல் மூணு லெக்ல எதையும் ஓட மாட்டேன்னு உக்காந்துட்டா, அதுவும் நடந்துச்சு.

வரிசையைப் பத்தி எனக்கு வழக்கே இல்ல. லேஸ் கட்டினப்புறம், நாங்க எல்லாரும் பாக்க, நின்ன வாக்குல சொன்னாரே, அதைத்தான் கேக்கறேன். விசில் சார், நீங்க பி.டி.யா இருக்கறதால கேக்கறேன், அந்த மாதிரி முடிவு முதல் நாளே தெரியாதா?

விசில்:

தெரியாதும்மா, பல தடவை தெரியாது. வார்ம் அப்ல கடைசியா ஒரு தரம் பேட்டனை மாத்திப் பாத்துட்டுத்தான் மனசு ஒரு பக்கம் சாயும், அதுக்குள்ள ரேஸுக்கு முதல் அழைப்பு விட்டுடுவாங்க. ஆனா முதல் நாளே ரெண்டு பேரையும் கூப்பிட்டு, "காலையில பாத்துத்தான் சொல்லுவேன், ரெண்டு பேரும் தயாரா இருங்க"ன்னு சொல்லி வைக்கலாம். நான் அப்படித்தான் சொல்றேன், அஞ்சாவது பொண்ணுக்கும் ஸ்பைக்ஸ் ஏற்பாடு பண்ணி வச்சுட்டு.