அத்தானுக்கு வண்டி (தொப்பை) வைச்சிட்டுது, ஈரலிலயும் கொழுப்பாம். எங்கயிருந்து தொடங்குறது?

முல்லைப்பூ:
அத்தானுக்கு வயது 43, உயரம் 168 செ.மீ., நிறை 78 கிலோ. கையும் காலும் மெலிவு, வயிறு மட்டும் முன்னுக்குத் தள்ளி நிக்குது. ரிப்போட்டில வெறுவயித்துச் சீனி 112, இரத்தக் கொழுப்பு றைகிளிசரைட் 210, ஈரல் பழுதைக் காட்டுற எஸ்.ஜி.பி.ரி 62. ஸ்கேனில ஈரலில கொழுப்பு எண்டு எழுதியிருக்கு. வயல் இருந்தாலும் உழவு, வெட்டு எல்லாம் மெசின்தான். மற்ற நேரம் மோட்டச்சைக்கிள். "பத்து வருசமா அதே 34 காற்சட்டைதானே போடுறன்" எண்டு அவர் இதைப் பெரிசா எடுக்கிறாரில்லை. படுத்தெழும்புற பயிற்சி செய்தா வயிறு இறங்குமோ? இடுப்பு பெல்ட், கொறுக்காய்க் (கொடம்புளி) குளிசை எண்டு முகநூலில விக்கிறாங்கள், வாங்கலாமோ? சோத்தை முழுசா நிப்பாட்டச் சொல்லியும் ஒராள் சொன்னவர்.

பாலியாறு:
தங்கச்சி, காற்சட்டை அளவை நம்பாதேங்கோ. வண்டி வைக்க வைக்க பெல்ட் தொப்புளுக்குக் கீழ இறங்கிப்போகும். அந்த இடத்தில சுத்தளவு பெரிசா கூடாது, அதே 34 இன்னும் பத்து வருசத்துக்கும் போகும்.

தையல் நாடாவால அளவுங்கோ. காலமை வெறுவயித்தில, சேட்டைக் கழட்டிப்போட்டு, நேரா நிக்கச் சொல்லுங்கோ. கடைசி விலா எலும்பின்ர கீழ்விளிம்பை விரலால தடவிப் பிடியுங்கோ, பிறகு இடுப்பெலும்பின்ர மேல்விளிம்பை. ரெண்டுக்கும் நடுவால நாடா போகவேணும். முதுகுப் பக்கம் நாடா சரிஞ்சுபோறதுதான் வழமையான பிழை, பின்னால ஒருக்கால் போய்ப் பாருங்கோ. மூச்சைச் சாதாரணமா விட்டு முடியேக்க வாசியுங்கோ. வயித்தை எக்கினா அளவு பொய். எங்கட ஆக்களில ஆம்பிளைக்கு 90 செ.மீ., பொம்பிளைக்கு 80 செ.மீ. தாண்டினா கவனிக்கவேணும். உயரத்தில பாதிக்குள்ள இடுப்பு நிக்கவேணும் எண்ட கணக்கும் நல்லது. அத்தானுக்கு அது 84.

தோலுக்குக் கீழ கிள்ளிப் பிடிக்கக்கூடிய கொழுப்பை விட, குடலைச் சுத்தி உள்ளுக்குப் படியிறதுதான் கெட்டது. அதிலயிருந்து கழர்ற கொழுப்பமிலங்கள் குடலில இருந்து வாற இரத்தத்தோட நேர ஈரலுக்குப் போகுது. ஈரலில கொழுப்பு ஏற, இன்சுலின் சொல்லுறதை ஈரல் கேக்காது. சாப்பிடாத நேரத்திலயும் சீனியை இரத்தத்துக்கு விட்டுக்கொண்டிருக்கும். அவற்ற 112, 210, 62 மூண்டும் பெரும்பாலும் ஒரே வேரில முளைச்சதுதான். 112 நீரிழிவு இல்லை; 100 இலிருந்து 125 வரைக்கும் அதுக்கு முந்தின படி. இப்பிடியே விட்டா நீரிழிவு, பிறசர், மாரடைப்பு, ஈரல் தழும்பேறுறது எண்டு போகும். இந்தப் படியில இருந்து திரும்பி இறங்கலாம், அதாலதான் இப்பவே பிடிக்கச் சொல்லுறன்.

குளக்கட்டு:
சோத்தை நிப்பாட்டத் தேவையில்லை. ரெண்டு கிழமையில அலுத்துப்போய் பழையபடி கோப்பை நிரம்பும். அளந்து போடுங்கோ. 200 மில்லி தேத்தண்ணிக் கப்பால ஒரு கப் சோறு ஏறக்குறைய 200 கலோரி. மூண்டு கப் சாப்பிடுற ஆள் ரெண்டாக்கி, விட்ட இடத்தை பொன்னாங்காணி, முருங்கையிலை, பயித்தங்காய் எண்டு நிரப்பவேணும். சும்மா குறைச்சா பின்னேரம் பசிச்சு பணிசும் றோல்ஸும் உள்ள போகும்.

அதைவிடப் பெரிய களவு தேத்தண்ணிதான். ஒரு கரண்டி சீனி 4 கிராம். மூண்டு கரண்டி போட்டு ஐஞ்சு தரம் குடிச்சா 60 கிராம், 240 கலோரி. கிழமைக்கு அரைக் கரண்டியாக் குறைச்சுக்கொண்டு வாங்கோ, நாக்கு பழகீடும். வெறுந்தேத்தண்ணியோட சீனியைக் கடிச்சுக் குடிக்கிறதும் சீனிதான். ஒரு கப் சோறும் இந்தச் சீனியும் போனாலே நாளுக்கு 440 கலோரி குறையுது.

தேங்காயெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி. கறிக்குப் போத்தலைச் சரிக்காமல் கரண்டியால விடுங்கோ. சொதிக்கு முதற்பாலை விட்டு ரெண்டாம் பால் காணும். புட்டுக்கு மாவுக்குச் சமனாத் தேங்காய்ப்பூ போடுற வழக்கத்தையும் பாதியாக்கலாம். சாராயம் எடுக்கிறவரெண்டா, 180 மில்லி கால் போத்தல் மட்டும் 330 கலோரிக்குக் கிட்ட, பைற்ஸ் புறம்பு. ஈரலில கொழுப்போட அதை நிப்பாட்டுறதுதான் சரி.

முல்லைப்பூ:
அளந்து பாத்தன், 98! அவரும் நாடாவைப் பாத்துப்போட்டு ஒண்டும் பேசேல்லை. பயிற்சியும் குளிசையும் எப்பிடி?

நந்திக்கடல்:
படுத்தெழும்புறதால வயித்துத் தசை பலக்கும், அதுக்கு மேல கிடக்கிற கொழுப்பு அசையாது. உடம்பு கொழுப்பை எந்த இடத்தில இருந்து எடுக்கும் எண்டதை நாங்கள் தீர்மானிக்கேலாது. ஆனா உடம்பு முழுக்கக் குறையேக்க உள்வயித்துக் கொழுப்பு நல்லா இறங்கும், அது ஆறுதல்.

கிழமைக்கு ஐஞ்சு நாள், 30 நிமிசம் விறுவிறெண்டு நடக்கவேணும். கதைக்க ஏலும், பாடேலாது எண்ட வேகம். எங்கட வெயிலுக்கு காலமை ஆறு மணிக்குப் பிறகு நல்லம். யானை வாற பக்கமெண்டா குளக்கட்டில இருட்டோட இறங்கவேண்டாம். ராச்சாப்பாட்டுக்குப் பிறகு முத்தத்தில பத்து நிமிசம் நடந்தாலும் சீனி ஏறுறது குறையும். கிழமைக்கு ரெண்டு நாள் கதிரையில இருந்தெழும்புறது, சுவரில கை ஊண்டித் தள்ளுறது, 5 லீற்றர் தண்ணிக் கானைத் தூக்குறது; ஒவ்வொண்டும் பத்துப்பத்தா மூண்டு முறை. மெலிஞ்ச கை காலில தசை வைச்சா சீனியை அது இழுக்கும்.

பெல்ட் வேர்வையைத்தான் எடுக்கும், தண்ணி குடிக்க நிறை திரும்பும். கறிக்குப் போடுற கொறுக்காய் பிரச்சினை இல்லை. அதைச் செறிவாக்கின குளிசையால ஈரல் பழுதானது பதிவாகியிருக்கு, எஸ்.ஜி.பி.ரி 62 உள்ள ஆளுக்கு வாங்கிக் குடுக்காதேங்கோ.

கிழமைக்கு அரைக் கிலோ இறங்கினாக் காணும். ஒண்டரைக் கிலோவுக்கு மேல இறங்கினா பித்தப்பையில கல் வரலாம். 78 இலிருந்து 72 க்கு வந்தாலே ஈரலில வித்தியாசம் தெரியும். மூண்டு மாசத்தில வெறுவயித்துச் சீனியையும் எஸ்.ஜி.பி.ரியையும் திருப்பிச் செய்யுங்கோ. மாசத்துக்கு ஒருக்கால் நாடா. சிலபேருக்கு நிறை அசையாமலே இடுப்பு குறையும், கைவிட்டிடாதேங்கோ.

ஓமந்தை:
ஒரு விசயம் விடுபட்டுப்போச்சு. சோத்தைக் குறைச்சுப்போட்டு புரதப் பவுடர் தொடங்குற பழக்கம் இப்ப கூட. வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் இருக்கிறபடியால், முதல்ல சிறுநீரகம் எப்பிடி எண்டு காட்டுற இரத்தக் கிரியேற்றினின், சலத்தில புரதம் ரெண்டையும் பாருங்கோ, அரசாங்க ஆஸ்பத்திரியில செய்யலாம். எல்லாம் சரியெண்டாலும் பவுடர் வேண்டாம், பயறு, கௌப்பி, குளத்து மீன் போதும். வேற ஆரும் இதை வாசிச்சு இன்சுலின் அல்லது கிளிக்கிளசைட் எண்ட நீரிழிவுக் குளிசை எடுத்துக்கொண்டு சாப்பாட்டைக் குறைக்கப்போறியள் எண்டா, முதல்ல கிளினிக்கில சொல்லி மருந்தின்ர அளவை மாத்துங்கோ. இல்லாட்டி சீனி விழுந்து மயங்குவியள். வயிறு கிழமைக்குள்ள வீங்கி, காலும் வீங்கி, கண் மஞ்சளெண்டா அது கொழுப்பில்லை, வயித்தில தண்ணி. அண்டைக்கே கொண்டு போங்கோ.