பொருள்: கேப்டன்கள் பெயர்ப்பலகைப் பணம், போன வருடக் கணக்கு

அன்புள்ள கேஸ்மு சொந்தங்களுக்கு,

டொரொண்டோ அண்ணனின் மடல் வந்தது. எஸ்டோனியக் கடற்கரையில் இருக்கும் நம் கேஸ்மு ஊரின் கப்பல் கேப்டன்களுக்குப் பெயர்ப்பலகை வைக்க வீட்டுக்கு 50 யூரோ கேட்டிருக்கிறார். தருகிறேன். அதற்கு முன் இரண்டு விஷயம்.

கடற்கரையில் பெஞ்சு போடப் போன வருடம் பணம் வாங்கினீர்களே, அது என்ன ஆனது? என் தங்கை ஜூலையில் ஊருக்குப் போயிருந்தாள். நீங்கள் சொன்ன பாறைப் பக்கம் இரண்டு தடவை நடந்து பார்த்தாளாம், பெஞ்சே இல்லை. ஸ்டாக்ஹோம் அத்தை கேட்டதற்கு, "சொந்தத்துக்குள் கணக்கா?" என்று பதில் வந்தது. சொந்தம் என்பதால்தான் கேட்கிறோம். ரசீதை அனுப்புங்கள், போதும்.

அப்புறம், பலகையில் யார் பெயர்? 1884 முதல் 1931 வரை நம் ஊரில் மாலுமிப் பள்ளி நடந்தது. வீட்டுக்கு ஒரு கேப்டன் என்று ஊருக்கே பெயர். எனக்கும் அதில் பெருமைதான். ஆனால் எங்கள் தாத்தா கப்பல் தச்சர், அதனால் அவருக்கு இடமில்லையாம். உங்கள் தாத்தா ஓட்டிய கப்பலுக்குப் பலகை இழைத்தது யார்? கடலுக்கு அக்கரையில் இருக்கும் பின்லாந்தில் 1919 முதல் 1932 வரை மதுவிலக்கு. அப்போது இருட்டில் சாராயக் கேன்களை அக்கரைக்குக் கொண்டுபோனது கேப்டன்கள் மட்டுமா? அந்தக் காசில் யார் யார் வீட்டுக் கூரை மாறியது என்று பாட்டிகளுக்கெல்லாம் தெரியும்.

1944-இல் சோவியத் படை வந்தபோது உங்கள் வீட்டார் படகேறி வெளிநாடு போனார்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை, உயிர் பிழைக்க வேண்டியிருந்தது. எங்கள் வீட்டார் போகவில்லை. சோவியத் காலத்தில் நம் கரை எல்லைக் காவல் பகுதி, நினைத்தபோது படகு இறக்க முடியாது. இப்போது கடல் அருங்காட்சியகமாக இருக்கும் அந்தக் காவல் நிலையத்தைக் கடக்கும்போது பாட்டி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். அத்தனை வருடமும் உங்கள் முன்னோரின் கல்லறை மணலைச் சீவிச் சுத்தமாக வைத்ததும் அவர்தான். ஒருவரும் பணம் அனுப்பவில்லை, அவரும் கேட்கவில்லை.

பனியாறு பின்லாந்திலிருந்து தள்ளிக்கொண்டு வந்த பாறைகள் என்று தாத்தா காட்டுவார். அவற்றின் மேல் ஏறி நின்று அக்கரை தெரிகிறதா என்று பார்ப்போம். இன்று நான் இருப்பது அந்த அக்கரையில்.

தாத்தா பெயரையும், பக்கத்தில் "தச்சர்" என்றும் சேருங்கள். ரசீதும் வந்துவிட்டால் அன்றைக்கே பணம் போடுகிறேன்.

ஹெல்சின்கியிலிருந்து,
தச்சர் வீட்டுப் பேத்தி