பைரேட் ரேடியோவுக்கு ஒரு தமிழ்ச் சொல், வெள்ளிக்கிழமைக்குள்

ஹட்டனிலிருந்து, திங்கள் இரவு

சொல்லாக்கக் குழுமத்தாருக்கு வணக்கம். எங்கள் பாடசாலை விஞ்ஞான மன்றச் சஞ்சிகை வெள்ளிக்கிழமை காலை அச்சகத்துக்குப் போக வேண்டும். உயர்தரப் பௌதிகவியல் மாணவர் இருவர் எழுதிய கட்டுரை ஒன்று ஐந்து நாளாக என் மேசையிலேயே கிடக்கிறது. ஐரோப்பாவில் அனுமதி எதுவும் வாங்காமல், வீட்டுப் பின்னறையில் தாங்களே கருவி செய்து, சனி ஞாயிறுகளில் பாட்டு ஒலிபரப்புகிறவர்களைப் பற்றிய கட்டுரை. அவர்களுக்கு அதில் காசும் இல்லை, அரசியலும் இல்லை, வெறும் ஆசை. ஆங்கிலத்தில் இதற்குப் 'பைரேட் ரேடியோ', அதாவது கடற்கொள்ளை வானொலி, என்று பெயர். பிள்ளைகள் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். தலைப்பைத்தான் 'கள்ள வானொலிகள்' என்று போட்டுவிட்டார்கள். ஆசிரியர் அறையில் அதைப் பார்த்த ஒருவர், வாயைத் திறக்காமல் 'கள்ள'வைச் சுற்றிச் சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த தலைவலி, அலைகளை வெளியே அனுப்புகிற ட்ரான்ஸ்மிட்டர். முதல் பக்கத்தில் 'செலுத்தி', மூன்றாம் பக்கத்தில் 'பரப்பி', படத்தின் கீழே 'ஒலிபரப்புக் கருவி'. இரண்டுக்கும் ஒரு வழி சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை என்பதை மறந்துவிட வேண்டாம். போன முறை 'செல்ஃபி'க்கு நாம் பேசி முடிப்பதற்குள் பிள்ளைகள் பரீட்சையே எழுதி முடித்துவிட்டார்கள்.

டிக்கோயாவிலிருந்து, திங்கள் நள்ளிரவு

டீச்சர், 'பைரேட் ரேடியோ' என்றே போடுங்கள். வானொலி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். வருகிற எல்லாரும் 'ஸ்பீக்கர் போய்விட்டது' என்றுதான் சொல்வார்கள். 'ஒலிபெருக்கி பழுதடைந்துவிட்டது' என்று சொல்லிக்கொண்டு வந்தவர் இதுவரை ஒரே ஒருவர். அவர் இந்தக் குழுமத்தில்தான் இருக்கிறார்.

பிள்ளைகள் அந்த நிலையங்களை ஒருமுறையாவது கேட்டார்களா? நெதர்லாந்தில் ட்வென்டே பல்கலைக்கழகம் ஒரு வானொலி வாங்கியை (ரிசீவர்) இணையத்தில் எல்லாருக்கும் திறந்து வைத்திருக்கிறது. இங்கிருந்தே அதைத் திருகலாம். அங்கே சனி இரவு ஒன்பது மணி என்றால், குளிர்காலத்தில் நமக்கு ஞாயிறு அதிகாலை ஒன்றரை. 6200க்கும் 6400 கிலோஹேர்ட்ஸுக்கும் இடையில் மெதுவாக நகர்த்திக்கொண்டு போக வேண்டும். திரையில் நீலம் ஓடிக்கொண்டே இருக்கும். நடுவில் மஞ்சளாக ஒரு கோடு அசையாமல் நிற்கும். அங்கே ஓர் ஆள் இருக்கிறார். மத்திய அலையில் 1600க்கு மேலே போனால் டச்சுக்காரர்கள் அக்கோர்டியன் வாசித்துக்கொண்டிருப்பார்கள்.

அப்படி ஒருவர் போன மாதம் இரைச்சலுக்குள்ளிருந்து தன் மின்னஞ்சல் முகவரியை எழுத்தெழுத்தாக மூன்று முறை சொன்னார். எழுதினேன். டிக்கோயா எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பதில் போட்டார். கேட்டதற்குச் சான்றாகத் தன் நிலையத்தின் அட்டையையும் அனுப்பினார். அவரைக் கள்ளன் என்று எழுத எனக்குக் கை வராது. பைரேட் என்று எழுத வரும். அவரே தன்னை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்.

தலவாக்கலையிலிருந்து, செவ்வாய் காலை

சிவப்பு வட்டம் போட்டவருக்கு நான் ஒரு தேத்தண்ணீர் கடன்பட்டிருக்கிறேன்.

மற்ற ஊர்களில் எப்படியோ, நம் மலையில் 'கள்ள' என்று தொடங்கினால் 'தோணி' தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு, பத்திரம் காட்ட முடியாத தோட்டத்து ஆள் எல்லாரும் கள்ளத்தோணி, திருட்டுத்தனமாகத் தோணியேறி வந்தவர் என்ற வசை. என் பாட்டியின் தகப்பனார் இந்தியக் கரையில் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டு, தகர டிக்கெட்டைக் கட்டிக்கொண்டு, கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கியவர். அவரைவிட ஒழுங்காக அனுமதி வாங்கிக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்தவர் யார்? அவருடைய பேத்தியை ஹட்டன் பஸ்ஸில் ஒருவன் அந்தச் சொல்லால் அழைத்தான். பாட்டி அந்தக் கதையைச் சொல்லும்போது சொல்லை மட்டும் சொல்ல மாட்டார். 'அப்படிச் சொன்னான்' என்று நிறுத்திவிடுவார்.

பத்திரம் இல்லாதவன் கள்ளன் என்கிற கணக்கைப் பிள்ளைகளின் கட்டுரைத் தலைப்பில் போட வேண்டாம். அந்த ஐரோப்பியர்கள் தங்களைச் சுதந்திர வானொலி என்றும் சொல்லிக்கொள்கிறார்கள். 'கட்டற்ற வானொலி' என்று வைப்போமே.

பேராதனையிலிருந்து, செவ்வாய் மாலை

தலவாக்கலையார் சொன்னதற்குப் பிறகு 'கள்ள'வுக்கு நான் வாக்குப் போட மாட்டேன். ஆனால் 'கட்டற்ற'வை மென்பொருள்காரர்கள் முன்பே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். தவிரவும், கட்டு இல்லாமல் இல்லை. இருக்கிற கட்டை இவர்கள் மீறுகிறார்கள். அது பெயரில் தெரிய வேண்டும். நம் நாட்டிலும் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் இப்படிக் கருவி இயக்க முடியாது. பிள்ளைகள் இதை ஒரு பெட்டிச் செய்தியாகவாவது போட வேண்டும். எஃப்.எம். வரிசை 108 மெகாஹேர்ட்ஸில் முடிகிறது. அதற்கு அடுத்தபடியில் விமானங்களுக்கான வரிசை தொடங்குகிறது. பேனையில் ஐந்து சுற்றுக் கம்பி சுற்றிச் செய்கிற ஒற்றைத் திரான்சிற்றர் கருவியோ, கையைக் கிட்டக் கொண்டுபோனாலே மீடிறன் நழுவுகிற சாமான். சுருளை நசுக்கினால் கீழே போகும், இழுத்தால் மேலே ஏறும். அதை நம்பி மலை உச்சியில் ஏரியல் கட்டக் கூடாது.

இன்னொன்று. சிறிய நிலையம் எல்லாம் பைரேட் அல்ல. கொத்மலையில் 1989இல் தொடங்கியது சமூக வானொலி; அது அனுமதியோடு நடந்தது. அரசியல் காரணத்துக்காக ஒளிந்திருந்து பேசுவது மூன்றாவது வகை. ஆகவே என் பரிந்துரை 'அனுமதியிலா வானொலி'. ட்ரான்ஸ்மிட்டருக்கு 'அலைபரப்பி'.

மதுரையிலிருந்து, செவ்வாய் இரவு

மீடிறன் என்றால் என்ன? அதிர்வெண்ணா?

பண்டாரவளையிலிருந்து, புதன் அதிகாலை

மதுரை அன்பருக்கு: ஆம். மீள் + திறன். நாள் + தோறும் நாடோறும் ஆவது போல, ளகரமும் தகரமும் சேர்ந்து டகரமாயிற்று. திரும்பத் திரும்ப வரும் திறன். நீங்கள் எண்ணுகிறீர்கள், நாங்கள் புணர்க்கிறோம்.

இனி விஷயத்துக்கு வருவோம். 'அனுமதியிலா வானொலி' ஒரு சொல்லே அல்ல, அரசாங்கக் கச்சேரியிலிருந்து வரும் கடிதத்தின் முதல் வரி. அதைப் படித்த பிள்ளைக்கு ஏரியல் கட்டும் ஆசை எப்படி வரும்? (வரக் கூடாது என்பதுதான் பேராதனையாரின் எண்ணம் போலும்.)

பொருநராற்றுப்படையில் ஓர் இடம். பாலை யாழின் இனிமை கேட்டு, 'ஆறலை கள்வர்' கையிலிருந்த படையைக் கீழே விட்டுவிடுகிறார்கள். ஆறு என்றால் வழி; அலைத்தல் என்றால் வருத்துதல். வழிப்போக்கரை வருத்துகிற கள்வர் இசைக்கு மயங்குகிறார்கள். கள்வரையும் இசையையும் நம் புலவர் எப்போதோ ஒரே இடத்தில் கட்டிவிட்டார். 'அலை' அங்கேயே இருக்கிறது. இவர்களை 'அலைக்கள்வர்' என்று சொல்வதில் என்ன குறை?

கள்வர் என்பது தலவாக்கலையாருக்கு உறுத்தும் என்று தெரியும். ஆகவே இரண்டாவது: 'களவொலி'. அகப்பாடல்களில் களவு என்பது திருட்டு அல்ல, ஊரறியாத காதல். அதற்கு அடுத்தது கற்பு, ஊரறிந்த மணவாழ்வு. இடையில் கரணம், திருமணச் சடங்கு. 'பொய்யும் வழுவும் தோன்றிய பின்னர் ஐயர் யாத்தனர் கரணம்' என்பது தொல்காப்பியம். இப்போது பாருங்கள். 1964 மார்ச்சில், டென்மார்க்கின் பழைய பயணிகள் கப்பல் ஒன்றை இங்கிலாந்துக் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு, ரேடியோ கரோலைன் பாட்டுப் போடுகிறது. களவு. ஊரெல்லாம் அதே பேச்சு. அலர். 1967 ஆகஸ்ட்டில் கடலிலிருந்து ஒலிபரப்புவதைத் தடுக்கும் சட்டம் அமலுக்கு வருகிறது. கரணம். செப்டம்பர் 30 அன்று பி.பி.சி. ரேடியோ 1 தொடங்கும்போது முதல் நிகழ்ச்சியை நடத்தியவர் டோனி பிளாக்பர்ன். முன்பு கரோலைனில் பாட்டுப் போட்ட அதே ஆள். கற்பு! இதைவிடப் பொருத்தமாக எந்த மொழியில் பெயர் வைக்க முடியும்?

'பரப்பி'யைப் பற்றி ஒரு சொல். பரப்பி என்பது வினையெச்சமும் ஆகும். 'இரவு முழுவதும் அலைபரப்பி அணைத்தார்' என்று எழுதினால், பரப்பிவிட்டு அணைத்தாரா, பரப்புகிற கருவியை அணைத்தாரா? தடையி (ரெசிஸ்டர்), கொள்ளளவி (கப்பாசிட்டர்) என்பவற்றுக்கு இந்தக் கோளாறு இல்லை.

பேராதனையிலிருந்து, புதன் காலை

'அலைபரப்பியை அணைத்தார்'. இரண்டாம் வேற்றுமை எதற்காக இருக்கிறது ஐயா? அலைக்கள்வர் என்றால் அலையைத் திருடுகிறவர் என்றல்லவா விரியும்? இவர்கள் அலையை எடுக்கவில்லை, போடுகிறார்கள்.

டிக்கோயாவிலிருந்து, புதன் மதியம்

ஐயா, கற்பு வரை வந்தது அழகு. ஆனால் எங்கள் தோட்டத்து லயன் வீடுகளில் களவு என்றால் கோழி களவு போவது. சஞ்சிகையை வாங்குகிற தகப்பன்மார் களவொலி என்றால் திருடன் வந்தால் கூவுகிற மணி என்று நினைப்பார்கள். அப்படி ஒரு மணி என் கடையிலும் இருக்கிறது, விலை குறைத்துத் தருவேன்.

டீச்சர், கட்டுரையில் டம்மி லோடைப் பற்றி இருக்கிறதா? இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள். கருவியை முடித்த கையோடு ஏரியலில் கொடுத்துச் சோதித்தால் ஊரெல்லாம் இரையும். அதனால் ஏரியல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தடையியைக் கட்டிச் சக்தியைச் சூடாக்கி விடுவார்கள். பழைய வால்வுக்காரர்கள் சாதாரண மின்குமிழையே கட்டிவிடுவார்கள். சும்மா இருக்கும்போது ஒரே அளவில் எரியும். வீச்ச மட்டிசைப்பு (ஏ.எம்.) கருவி என்றால், ஒலிவாங்கியில் 'ஆ' என்றதும் வெளிச்சம் ஒரு படி கூடும். பாட்டைப் போட்டால் தாளத்துக்குத் தாளம் மினுங்கும். தூரத்தில் ஒருவருக்கும் கேட்காது. பிள்ளைகளுக்கு இதைக் காட்டினால் போதும், வேறு பாடம் தேவையில்லை.

ஹட்டனிலிருந்து, புதன் இரவு

இருக்கிறது. 'போலிச் சுமை' என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கும் பிடிக்கவில்லை.

பண்டாரவளையிலிருந்து, புதன் இரவு

சுமைதாங்கி.

தலையில் பாரத்தோடு நடந்து வருகிறவர் இறக்கி வைப்பதற்கு வழியோரம் நிற்கிற கல். பாரம் போக வேண்டிய இடம் அது அல்ல; ஆனால் கொஞ்ச நேரம் தாங்கிக்கொள்கிறது. வேறு விளக்கம் தேவையில்லை.

பேராதனையிலிருந்து, புதன் இரவு

ஏற்கிறேன். முதல் தடவையாக.

தலவாக்கலையிலிருந்து, புதன் இரவு

நானும். கொழுந்துக் கூடை தூக்கியவர்களுக்கு இதை எவரும் விளக்க வேண்டியதில்லை.

பதுளையிலிருந்து, வியாழன் காலை

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். கொள்ளை என்ற சொல்லை ஒருவரும் தொடவில்லையே. 1920களில் கொழும்பில் எட்வர்ட் ஹார்ப்பர் முதல் ஒலிபரப்புகளை நடத்தியபோது, கருவிக்குப் பாகங்கள் பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து வந்தவை என்பார்கள். கப்பலைப் பிடித்து அதிலிருந்த சாமானை எடுத்துப் பாட்டுப் போடுவதுதான் கடற்கொள்ளை என்றால், பிற்பாடு இலங்கை வானொலியாக வளர்ந்ததற்கே அந்தப் பெயர் பொருந்தும். இன்னொரு பக்கம், அதே காலத்தில் பிரிட்டனில் லைசன்ஸ் இல்லாமல் வீட்டில் வானொலி கேட்டவர்களையும் பைரேட் என்றே அழைத்தார்கள். ஒலிபரப்பியவர் அல்ல, கேட்டவர்! இங்கும் வானொலிப் பெட்டிக்கு லைசன்ஸ் எடுக்க வேண்டிய காலம் இருந்தது. பரிசோதகர் வருகிறார் என்றதும் எங்கள் வீட்டுப் பெட்டி கொழுந்துச் சாக்குக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். ஒருமுறை அணைக்க மறந்துபோய்ச் சாக்கு பாடியது. எனவே சொல் எதுவானாலும் கேட்கிறவருக்கும் ஒன்று வேண்டும்.

ஹட்டனிலிருந்து, வியாழன் இரவு

கேட்கிறவருக்குச் சொல் அடுத்த இதழில். தயவு செய்து.

எண்ணிப் பார்த்தேன். 'அனுமதியிலா வானொலி'க்கு நான்கு பேர். அதில் இருவர் 'வேறு வழியில்லாமல்' என்று எனக்குத் தனியாக எழுதினார்கள். 'பைரேட் ரேடியோ'வுக்கு மூன்று. 'கட்டற்ற'வுக்கு ஒன்று. 'களவொலி'க்கு ஒன்று, அது யாருடையது என்று சொல்லத் தேவையில்லை. தலைப்பில் 'பைரேட் ரேடியோ', கட்டுரைக்குள் 'அனுமதியிலா வானொலி', கருவிக்கு 'அலைபரப்பி', டம்மி லோடுக்கு 'சுமைதாங்கி'. கட்டுரை எழுதிய பிள்ளைகளிடம் 'கள்ள' ஏன் வேண்டாம் என்று சொன்னேன். ஒருவன் தலையாட்டினான். மற்றவன், 'எங்கள் தாத்தாவையும் அப்படித்தான் சொல்வார்களாம் டீச்சர், அதனால்தான் நான் அதைப் போட்டேன்' என்றான். அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. தலைப்பை மாற்றிவிட்டேன்.

தலவாக்கலையிலிருந்து, வியாழன் இரவு

அந்தப் பையனுக்கும் ஒரு தேத்தண்ணீர். அவன் சொன்னதை நான் யோசிக்க வேண்டும்.

பண்டாரவளையிலிருந்து, வெள்ளி அதிகாலை

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், உடன்படவில்லை. 'அனுமதியிலா' என்று ஒற்றை லகரம் போட்டால் செய்யுள் வாடை அடிக்கும்; உரைநடைக்கு 'அனுமதியில்லா' என்பதே வழக்கு. அச்சுக்குப் போவதற்குள் திருத்த முடியுமா?

ஹட்டனிலிருந்து, வெள்ளி காலை

போய்விட்டது ஐயா.